அப்பாவுக்கு எவ்வளவு காலம் என்று இந்த இலக்கங்கள் சொல்லுமா?

கேள்வி: நாங்கள் கொடிகாமம். அப்பாவுக்கு 67 வயது. நாற்பது வருடமாகச் சுருட்டுப் பிடிக்கிறவர், இப்போதும் நாளுக்கு இரண்டு. இளம் வயதில் கசநோய்க்கு மருந்து எடுத்தவர். இருமல் மாறாததால் எடுத்த சி.ரி. ஸ்கானில் வலது சுவாசப்பையின் மேற்பகுதியில் 3.2 சென்ரிமீற்றர் கட்டி. பயொப்சியில் அடினோகாசினோமா என்ற சுவாசப்பைப் புற்றுநோய் என்று வந்தது. கொழும்பில் எடுத்த பெற் ஸ்கானில் கட்டியின் எஸ்.யூ.வி. (எவ்வளவு ஒளிர்கிறது என்ற அளவு) 9.8. நெஞ்சின் நடுவில் ஒரு நெறிக்கட்டி 4.1 காட்டுகிறதாம். குருதியில் சீ.ஈ.ஏ. (புற்றுநோயில் ஏறக்கூடிய ஒரு பொருள்) 14, இரண்டு கிழமை கழித்து இன்னொரு லாப்பில் 17. அதைப் போன்ற இன்னொரு பொருளான என்.எஸ்.ஈ.யும் கூடுதலாக இருக்கிறதாம். கனடாவில் இருக்கும் அண்ணா இதையெல்லாம் இணையத்தில் ஒரு கணிப்பானில் போட்டுப் பார்த்துவிட்டு, “ஒரு வருடமே கஷ்டம், ஒப்பரேசன் என்று அவரை வதைக்க வேண்டாம்” என்கிறார். அப்பாவிடம் இன்னும் சொல்லவில்லை. அவர் வழமைபோலக் காலையில் சைக்கிளில் தோட்டத்துக்குப் போய் வருகிறார். ரிப்போட்டுகளின் படங்களை அனுப்பியிருக்கிறேன்.

பதில்: உங்கள் கடிதத்தில் நான் திரும்பவும் வாசித்த வரி, அப்பா சைக்கிளில் தோட்டத்துக்குப் போய் வருகிறார் என்பது. இந்த நோயில் ஒருவர் எப்படித் தாக்குப்பிடிப்பார் என்று பார்க்கும்போது, தன் அலுவலைத் தானே பார்க்கிறாரா, பகலில் படுத்துக்கிடக்கிறாரா, உடம்பு மெலிந்துவிட்டதா என்றுதான் நாங்கள் முதலில் கேட்போம். அண்ணாவின் கணிப்பான் இதைக் கேட்டிருக்காது என்றே நினைக்கிறேன்.

அடுத்தது அந்த நெறிக்கட்டி. உங்கள் கேள்வியின் மிச்சமெல்லாம் அதில்தான் தொங்குகிறது. பெற் ஸ்கானுக்கு முன் ஊசியில் ஏற்றுவது கதிரியக்கம் சேர்த்த ஒருவகைச் சீனி. அதைக் கூடுதலாக இழுக்கிற இடம் படத்தில் ஒளிரும். புற்றுநோய்க் கலம் இழுக்கும். கசநோய் வந்துபோன நெறிக்கட்டியும் சிலவேளை இழுக்கும். ஆகவே 4.1 என்பதை வைத்து அங்கே புற்றுநோய் பரவிவிட்டது என்று யாரும் எழுதிவிட முடியாது. சுவாசக்குழாய் வழியாகக் கமராவை விட்டு, அல்ட்ராசவுண்டில் பார்த்தபடி அந்த நெறிக்கட்டியில் ஊசி போட்டுக் கொஞ்சம் எடுத்துப் பரிசோதிக்க வேண்டும். நீங்கள் அனுப்பியவற்றில் அந்த ரிப்போட் இல்லை. மூளையின் எம்.ஆர்.ஐ.யும் இல்லை.

ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்றால், நெறிக்கட்டியில் ஒன்றுமில்லை, வேறெங்கும் பரவவில்லை என்றால் அப்பாவின் நோய் இன்னும் முதலாம் கட்டம். நெறிக்கட்டியிலும் இருந்தால் அது மூன்றாம் கட்டம். 16 நாடுகளைச் சேர்ந்த 94,000க்கும் மேற்பட்ட நோயாளரின் தரவை வைத்து உலக வைத்தியர்கள் கட்டம் பிரித்தபோது, அப்பாவைப் போன்ற முதலாம் கட்டத்தினரில் 100க்கு 68 பேர் ஐந்து வருடம் கடந்திருந்தார்கள். மூன்றாம் கட்டத்தின் முதற்பகுதியில் 36 பேர். ஒரு ஊசிப் பரிசோதனைக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் இவ்வளவு தூரம். அதைச் செய்யாமல் ‘ஒரு வருடம்’ என்று தீர்ப்பு எழுதியதைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை.

கட்டியின் 9.8 கூடுதல்தான், மறைக்கவில்லை. அப்படி ஒளிர்கிற கட்டிகள் திரும்பி வருகிற வாய்ப்புக் கூட என்பது பலரைப் பார்த்துக் கண்டது. ஆனால் அன்றைய குருதிச் சீனி, ஊசி போட்டு எவ்வளவு நேரம் காத்திருந்தார், எந்த மெஷின் என்பவற்றைப் பொறுத்தும் அந்த இலக்கம் ஏறி இறங்கும்.

குருதிப் பரிசோதனைகளுக்கு வருகிறேன். சீ.ஈ.ஏ. சாதாரணமாக 5க்குக் கீழ் இருக்க வேண்டும். புகைப்பவர்களில் நோயில்லாமலே கொஞ்சம் கூட இருக்கும். ஆனாலும் 14 என்பதைச் சுருட்டின் தலையில் மட்டும் போட்டுவிட மாட்டேன். 14 இலிருந்து 17 ஆகிவிட்டதே என்ற பயத்தை விடுங்கள். இரண்டு லாப்பும் வெவ்வேறு முறையில் அளக்கும், ஒன்றின் இலக்கத்தை மற்றதோடு ஒப்பிடக் கூடாது. ஒரே லாப்பில் தொடர்ந்து செய்யுங்கள். ஒப்பரேசன் நடந்தால், ஒரு மாதத்துக்குப் பிறகு அது இறங்கிவிட்டதா என்று பார்ப்பதில்தான் இதன் முழுப் பயன் இருக்கிறது. இறங்காவிட்டாலோ, இறங்கியது பிறகு ஏறினாலோ உடனே தேடத் தொடங்குவோம்.

என்.எஸ்.ஈ. ரிப்போட்டின் அடியில் சிறிய எழுத்தில் ‘ஹீமோலைஸ்ட்’ என்று அச்சடித்திருக்கிறது, பெருப்பித்துப் பாருங்கள். எடுத்த குருதியில் செங்கலங்கள் உடைந்துவிட்டன என்று அர்த்தம். செங்கலங்களுக்குள்ளேயே அந்தப் பொருள் இருப்பதால், உடைந்தால் இலக்கம் பொய்யாக உயர்ந்துவிடும். இங்கே எடுத்த குருதி தூர இடத்து லாப்புக்குப் போய்ச் சேரும்போது இப்படி நடப்பதைக் கண்டிருக்கிறேன். தவிர, அது சிறுகலப் புற்றுநோய்க்கு உதவுகிற பரிசோதனை, அப்பாவுக்கு இருப்பது வேறு வகை. அந்தத் தாளை ஒதுக்கிவையுங்கள்.

படத்தையும் குருதி இலக்கங்களையும் சேர்த்துக் கணினியால் ஆயுளைக் கணிக்கிற முயற்சிகள் உலகெங்கும் நடக்கின்றன. எனக்கும் அதில் ஆர்வம் உண்டு. ஆனால் ஒரு வைத்தியசாலையின் படங்களில் பழகிய கணிப்பு இன்னொரு இடத்தில் பிழைத்துப்போவது வழமை. நான் மேலே சொன்ன 68உம் 36உம்கூட 1999க்கும் 2010க்கும் இடையில் நோய் கண்டுபிடிக்கப்பட்டவர்களின் கணக்கு. இன்றுள்ள மருந்துகள் பலவும் அவர்களுக்குக் கிடைக்கவில்லை. அந்த மருந்துகள் அப்பாவுக்குப் பொருந்துமா என்று அறிய, பயொப்சித் துண்டிலேயே ஈ.ஜி.எவ்.ஆர். என்ற மரபணுவில் மாற்றம் உண்டா என்று பார்க்கலாம். புகைப்பவர்களில் அது குறைவு, இருந்தாலும் கேளுங்கள்.

அண்ணா கொடுமை நினைத்துச் சொல்லவில்லை. தூரத்தில் இருக்கிற பிள்ளைக்குக் கையில் கிடைப்பது இலக்கம் மட்டும்தான். அவரையும் போனில் வைத்துக்கொண்டு கிளினிக்கில் கதையுங்கள். ஆனால் ஒப்பரேசன் வேண்டுமா வேண்டாமா என்று உங்கள் இருவருக்கும் முன்னால் சொல்ல வேண்டியவர் அப்பா. தோட்டத்தை நடத்துகிற மனிதருக்கு இதை விளங்கிக்கொள்ள முடியும். வீட்டில் எல்லோரும் முகத்தைத் திருப்பிக்கொள்வதை அவர் கவனிக்கவில்லை என்று நினைக்கிறீர்களா? சுருட்டை இன்றே விடச் சொல்வதற்கும் அவருக்கு உண்மை தெரிந்திருக்க வேண்டும். இப்போது விட்டாலும் ஒப்பரேசனுக்குப் பிறகு சளிக்கட்டு, நியூமோனியா வருவது குறையும்.

யாழ்ப்பாணம் போதனா வைத்தியசாலைக்கோ தெல்லிப்பழைப் புற்றுநோய் வைத்தியசாலைக்கோ போகும்போது, ரிப்போட்டுகளோடு ஸ்கான் சீடிகளையும் அதே சொப்பின் பையில் வையுங்கள். வைத்தியர் எழுத்தை மட்டுமல்ல, படத்தையும் பார்க்க வேண்டும். அப்பாவின் பழைய கசநோய் அட்டையும் அந்தக் காலத்து எக்ஸ்றேக்களும் அலுமாரியில் எங்காவது கிடக்கும், தேடி எடுங்கள். மங்கிப்போயிருந்தாலும் பரவாயில்லை.