மர்மக் கதை நாளிதழ்: முதல் பத்தியிலேயே திருடன் பெயர் வந்துவிடுகிறதா?

படித்த மர்மக் கதையை ஒரு ஏ3 தாளில் நாளிதழாகச் செய்யும் பள்ளி வேலையில், மகள் முதல் பத்தியிலேயே திருடனைச் சொல்லிவிடுகிறாள், தாளும் போதவில்லை என்கிறீர்கள். நாளிதழின் தேதியை மாற்றுங்கள். திருட்டு நடந்த மறுநாள் காலை வந்த இதழாக வைத்தால், நிருபருக்கே திருடன் யாரென்று தெரியாது. மகள் எதையும் மறைக்க வேண்டியதில்லை.

ஏ3 தாள் போதவில்லை என்பதற்கும் காரணம் அநேகமாக இதுதான்: புத்தகத்தை முடித்த கையோடு அத்தியாய வரிசையில் எழுதுகிறாள். அது கதைச்சுருக்கம், செய்தி அல்ல. செய்தியில் என்ன, எங்கே, எப்போது என்பது முதல் இரண்டு வாக்கியத்தில் முடிந்துவிடும்.

தாளை நிமிர்த்தி வைத்து நாலு பக்கமும் 1.5 செ.மீ. விடுங்கள். மேலே 4 செ.மீ. இதழின் பெயருக்கு, அடுத்த 4 தலைப்புக்கு. கீழே 8.3 செ.மீ. அகலத்தில் மேலிருந்து கீழாக மூன்று பத்திகள், நடுவே 0.9 இடைவெளி. முதல் இரண்டில் செய்தி. மூன்றாவதில்தான் விளையாட்டே: சாட்சி பேட்டி, 'காணவில்லை' விளம்பரம், வானிலைப் பெட்டி. கதையில் ஈரக் காலடித் தடம் துப்பு என்றால் 'நேற்றிரவு மழை' என்ற ஒரு வரி போதும்.

நாளிதழ்களின் நாகர்கோவில் பதிப்பில் 'தக்கலை:', 'குளச்சல்:' என்று ஊர்ப் பெயரோடு செய்தி தொடங்குவதைக் காட்டுங்கள். ஆனால் அவள் போட வேண்டியது கதை நடக்கும் ஊரின் பெயர்.

கதை படிக்காத ஒருவரிடம் கொடுத்து, யார் மேல் சந்தேகம் என்று கேளுங்கள். இரண்டு பேரையாவது சொல்ல வேண்டும். ஒரே பெயர் வந்தால் துப்பு அதிகம்.

ஒன்று, சில ஆசிரியர்கள் முடிவும் வேண்டும் என்பார்கள். முதலிலேயே கேட்டுவிட்டு, தேவையென்றால் பின்பக்கத்தைப் 'பிந்தைய இதழ்' ஆக்குங்கள். ஸ்கெட்ச் பேனா மறுபக்கம் ஊறும், பால்பாயிண்ட் போதும்.