வண்டியிலேயே காற்று வசதி: எதை வாங்குவது?

கேள்வி: ஃபோர் வீல் டிரைவ் வண்டி வைத்திருக்கிறேன். டயர் அளவு 265/70 ஆர் 17. மாதத்துக்கு ஒன்றிரண்டு முறை மணலிலும் பாறைத் தடங்களிலும் ஓட்டுவேன். அங்கே பிடிமானத்துக்காக டயர் அழுத்தத்தை 35 பி.எஸ்.ஐ.யிலிருந்து (சதுர அங்குலத்துக்கு இத்தனை பவுண்டு என்கிற அளவு) 18க்கு இறக்கிவிட்டு, திரும்பும்போது மறுபடி ஏற்ற வேண்டியிருக்கிறது. கையில் எடுத்துப்போகிற கம்ப்ரஸர், வண்டியில் நிரந்தரமாகப் பொருத்துகிற கம்ப்ரஸர், கார்பன் டை ஆக்சைடு சிலிண்டர், எஞ்சின் பெல்ட்டில் ஓடுகிற கம்ப்ரஸர் என்று ஆளுக்கொன்று சொல்கிறார்கள். எதை வாங்கலாம்?

பதில்: எதை வாங்குவது என்பதற்கு முன்னால், உங்களுக்கு எவ்வளவு காற்று வேண்டும் என்று கணக்குப் போட்டுவிடலாம். உங்கள் டயர் ஒன்றின் உள்ளளவு ஏறக்குறைய 70 லிட்டர். 18லிருந்து 35க்குப் போக 17 பி.எஸ்.ஐ. கூட்ட வேண்டும். கடல் மட்டத்தில் நம்மைச் சுற்றியுள்ள காற்றின் அழுத்தம் 14.7 பி.எஸ்.ஐ. ஆகவே 17ஐ 14.7ஆல் வகுத்து 70ஆல் பெருக்குங்கள். ஒரு டயருக்கு வெளிக்காற்று சுமார் 80 லிட்டர் தேவை, நான்குக்கும் சேர்த்து 320 லிட்டர் சொச்சம்.

இனி எந்தக் கம்ப்ரஸரைப் பார்த்தாலும் இந்த 320ஐ மனத்தில் வைத்துப் பாருங்கள். நிமிடத்துக்கு 30 லிட்டர் தள்ளுகிற சின்னது என்றால் பதினொரு நிமிடம். 60 லிட்டர் என்றால் ஐந்தரை நிமிடம். இரட்டை சிலிண்டர் கொண்ட பெரிய கம்ப்ரஸர் 130 லிட்டர் தள்ளினால் இரண்டரை நிமிடம். ஹோஸை ஒரு டயரிலிருந்து இன்னொன்றுக்கு மாற்றுகிற நேரம் எல்லாவற்றுக்கும் பொது. சிலர் சி.எஃப்.எம்., அதாவது நிமிடத்துக்கு இத்தனை கன அடி என்கிற கணக்கில் எழுதியிருப்பார்கள். ஒரு சி.எஃப்.எம். என்பது நிமிடத்துக்கு 28 லிட்டருக்குக் கொஞ்சம் அதிகம்.

உங்கள் தேவைக்கு என் பதில் இதுதான்: டயருக்குள் ஏற்கெனவே 30 பி.எஸ்.ஐ. இருந்து எதிர்த்துத் தள்ளும்போதும் நிமிடத்துக்கு 50, 60 லிட்டர் தரக்கூடிய, பேட்டரியில் நேரடியாகக் கிளிப் மாட்டுகிற, கையில் எடுத்துப்போகும் கம்ப்ரஸர். வண்டியை விற்றாலும் அது உங்களோடு வரும். கூட வருகிறவர் வண்டிக்கும் கொடுக்கலாம். பழுதானால் வீட்டில் மேசைமேல் வைத்துப் பிரிக்கலாம். நிரந்தரமாகப் பொருத்துவது நல்ல ஏற்பாடுதான். ஆனால் காற்றால் இயங்குகிற டிஃபரன்ஷியல் லாக்கர் (ஒரே அச்சில் உள்ள இரு சக்கரங்களையும் ஒன்றாகச் சுழலவைக்கிற பூட்டு) போட்டிருப்பவர்களுக்கும், வாரம் தவறாமல் போகிறவர்களுக்கும், பின்பக்கத்தில் ஒரு பைக்குக்கூட இடமில்லாதவர்களுக்கும்தான் அது உண்மையில் பொருந்தும்.

நிமிடக் கணக்கை நான் இவ்வளவு வலியுறுத்துவதற்குக் காரணம் உண்டு. நாள் முழுக்க ஓட்டிவிட்டு, இருட்டத் தொடங்கும் நேரத்தில் தார்ச்சாலைக்கு வருகிறோம். முக்கால் மணி நேரம் உட்கார்ந்து காற்று ஏற்ற வேண்டும் என்றால், “வழியில் பார்த்துக்கொள்ளலாம்” என்று தோன்றிவிடும். நானே ஒருமுறை அப்படி 20 பி.எஸ்.ஐ.யோடு நெடுஞ்சாலையில் ஓட்டியிருக்கிறேன். காற்று குறைந்த டயர் வேகமாகச் சுழலும்போது சைடுவால், அதாவது டயரின் பக்கச்சுவர், ஒவ்வொரு சுற்றிலும் மடங்கி நிமிர்கிறது, அந்த மடிப்பில் சூடு ஏறுகிறது, உள்ளே இருக்கிற நூலிழைகள் அறுகின்றன. வெளியே பார்த்தால் ஒன்றும் தெரியாது. சில வாரம் கழித்து, சரியான காற்றோடு ஓடும்போது அதே டயர் வெடிக்கலாம். நேரம் தின்கிற கம்ப்ரஸர் இந்த ஆபத்துக்குத்தான் நம்மைத் தள்ளுகிறது. அதனால் பத்து நிமிடத்துக்குள் வேலையை முடிக்கிற கருவி இருந்தால்தான் காற்றைத் தைரியமாக இறக்கவும் முடியும், ஒழுங்காக ஏற்றவும் முடியும்.

கேள்வி: நான் வாங்கிய கம்ப்ரஸர் பெட்டியில் “150 பி.எஸ்.ஐ., நிமிடத்துக்கு 40 லிட்டர்” என்று போட்டிருக்கிறது. ஆனால் ஒரு டயருக்கு நான்கு நிமிடம் ஆகிறது. என்னுடைய டயரும் வண்டியும் மேலே கேட்டவருடையதைப் போன்றவைதான். ஏமாந்துவிட்டேனா?

பதில்: பாதி ஏமாற்று, பாதி வயர். 80 லிட்டருக்கு நான்கு நிமிடம் என்றால் உங்களுக்கு நிமிடத்துக்கு 20 லிட்டர்தான் வருகிறது. பெட்டியில் இருக்கிற 40, ஹோஸின் முனையைத் திறந்துவிட்டு, எந்த எதிர்ப்பும் இல்லாமல் அளந்த எண்ணாக இருக்கும். டயருக்குள் அழுத்தம் ஏற ஏற எந்தக் கம்ப்ரஸரும் குறைவாகத்தான் தள்ளும். நல்ல தயாரிப்பாளர்கள் 0 பி.எஸ்.ஐ.யில் எவ்வளவு, 30 பி.எஸ்.ஐ.யில் எவ்வளவு என்று இரண்டையும் தனித்தனியாக எழுதுகிறார்கள். இரண்டாவது எண் இல்லாத பெட்டியை நான் வாங்கமாட்டேன். 150 பி.எஸ்.ஐ. என்கிற எண்ணை அப்படியே மறந்துவிடுங்கள். 35க்கு மேல் போகாத டயருக்கு அதனால் ஒரு பயனும் இல்லை.

அப்புறம் மின்சாரம். சிகரெட் லைட்டர் சாக்கெட்டில் மாட்டியிருந்தால் முதலில் அதைப் பாருங்கள். பெரும்பாலான வண்டிகளில் அந்த சாக்கெட்டின் ஃப்யூஸ் 10லிருந்து 20 ஆம்பியர் வரைதான். அதற்குப் போகிற வயரும் மெல்லியது. வோல்ட் குறைந்தால் மோட்டார் மெதுவாகச் சுழலும், காற்றும் குறையும். எஞ்சினை ஓடவிட்டு, பேட்டரியிலேயே கிளிப் மாட்டி ஒருமுறை நேரம் பார்த்துச் சொல்லுங்கள். உங்களுடையதில் கிளிப் வசதி இல்லையென்றால், அது ஸ்டெப்னிக்கு அவசரத்தில் காற்றடிக்கச் செய்த கருவி. நான்கு டயருக்கும் தொடர்ந்து உழைக்கச் செய்ததல்ல.

பெட்டியில் இன்னொரு விவரமும் இருக்க வேண்டும்: எத்தனை நிமிடம் ஓடலாம், எத்தனை நிமிடம் ஓய்வு. 100 பி.எஸ்.ஐ.யில் 33 சதவீதம் என்று போட்டிருந்தால், அந்த அழுத்தத்தில் அரை மணி நேரத்தில் பத்து நிமிடம் ஓடி இருபது நிமிடம் ஆற வேண்டும் என்று அர்த்தம். டயருக்கான 30 பி.எஸ்.ஐ.யில் சுமை குறைவு என்பதால் அதைவிட அதிக நேரம் ஓடும். சூடு அதிகமானால் தானாக நிற்கிற அமைப்பு இருக்கிறதா என்று கேட்டு வாங்குங்கள். அது இல்லாத மலிவான கருவிகளில் பிஸ்டன் வளையம் சீக்கிரமே தேய்ந்துவிடும்.

கேள்வி: கார்பன் டை ஆக்சைடு சிலிண்டர் வைத்திருக்கிற நண்பர் ஒரு டயரை அரை நிமிடத்தில் முடித்துவிடுகிறார். அதையே வாங்கிவிடலாமா?

பதில்: வேகத்தில் அதை எதுவும் மிஞ்சாது. சத்தம் கிடையாது, பேட்டரி வேண்டாம், ரிம்மிலிருந்து கழன்ற டயரை ஒரே வீச்சில் உட்கார வைக்கும். ஆனால் அது தீர்ந்துபோகிற பொருள். ஒரு கிலோ திரவ கார்பன் டை ஆக்சைடிலிருந்து 540 லிட்டர் அளவுக்கு வாயு வரும். முதல் கேள்வியில் போட்ட 320 லிட்டருக்கு ஏறக்குறைய 600 கிராம் செலவாகும். நாலரைக் கிலோ சிலிண்டர் ஆறேழு தடவைக்கு வரும். நிரப்பித்தரும் இடம் உங்கள் வழியில் இல்லையென்றால் எட்டாவது பயணத்தில் கைகொடுக்காது.

எவ்வளவு மீதம் இருக்கிறது என்று அழுத்தமானியைப் பார்த்துத் தெரிந்துகொள்ள முடியாது. உள்ளே திரவம் இருக்கிறவரை அழுத்தம் வெப்பநிலையைத்தான் பொறுத்தது. 20 டிகிரி செல்சியஸில் அது ஏறக்குறைய 57 பார், சிலிண்டர் நிறைந்திருந்தாலும் சரி, கால்வாசி இருந்தாலும் சரி. தராசில் எடை போட்டுப் பார்ப்பதுதான் வழி. தொடர்ந்து திறந்துவிட்டால் சிலிண்டர் குளிர்ந்து வெண்பனி படரும், அழுத்தமும் இறங்கும். படுக்க வைத்துத் திறந்தால் திரவமே ரெகுலேட்டருக்குள் (அழுத்தத்தைக் குறைத்துத் தருகிற கருவி) வந்துவிடும். அதனால் நிமிர்த்தித்தான் பயன்படுத்த வேண்டும். இந்த வாயு ரப்பர் வழியாகச் சாதாரணக் காற்றைவிட வேகமாகக் கசியும் என்பதால், ஏற்றிய பிறகு வருகிற நாட்களில் டயர் அழுத்தத்தை மறுபடி பார்த்துக்கொள்ளுங்கள்.

பாதுகாப்பு பற்றி அழுத்தமாகவே சொல்கிறேன். 31 டிகிரிக்கு மேல் போனால் உள்ளே திரவம் என்று தனியாக எதுவும் இருக்காது. அழுத்தம் கிடுகிடுவென ஏறும். ஆகவே சிலிண்டரை எடைபோட்டு, குறித்த அளவுக்குமேல் ஒரு கிராம்கூட நிரப்பாதவரிடம்தான் கொடுக்க வேண்டும். கண்ணாடி ஏற்றிய வண்டிக்குள் வெயிலில் விட்டுவிட்டுப் போகாதீர்கள். மூடிய வண்டிக்குள் கசிந்தால் மூச்சுக்கே ஆபத்து. கண்ணால் பார்க்க முடியாத வாயு அது. உருண்டு போகாதபடி இரும்புப் பட்டையால் கட்டியிருக்க வேண்டும். நீர் அழுத்தச் சோதனை செய்த தேதி சிலிண்டர் தோளில் பொறித்திருக்கும், அது காலாவதியாகியிருந்தால் வாங்காதீர்கள். இன்னொன்று, இதற்குப் பதிலாக ஆக்சிஜன் சிலிண்டரைப் பயன்படுத்தலாமே என்று யாராவது சொன்னால் ஒருபோதும் கேட்காதீர்கள். ஆக்சிஜனும் எண்ணெயும் ரப்பரும் சேர்ந்தால் தீ.

கேள்வி: வண்டியில் கம்ப்ரஸரைப் பொருத்தும்போது கூடவே 4 லிட்டர் காற்றுத் தொட்டியும் போட்டால் டயர் சீக்கிரம் நிறையும் என்கிறார் மெக்கானிக். உண்மையா?

பதில்: டயருக்கு அது உதவாது. 4 லிட்டர் தொட்டியில் 120 பி.எஸ்.ஐ. வைத்திருந்து, 35 வரை இறங்கும்வரை டயருக்குக் கொடுத்தால் வெளிவருவது 23 லிட்டர் காற்று. ஒரு டயரின் தேவையில் கால் பங்குக்குக் கொஞ்சம் மேல், அவ்வளவுதான். அதன் பிறகு கம்ப்ரஸர் தருகிற வேகத்தில்தான் எல்லாம் நடக்கும். காற்று ஹாரன், லாக்கர், தூசி ஊதுவது போன்ற சிறுசிறு வேலைகளுக்குத் தொட்டி நல்லது, கம்ப்ரஸர் அடிக்கடி ஓடி நிற்பது குறையும். போட்டால் பாதுகாப்பு வால்வும் அடியில் தண்ணீர் வடிக்கிற குழாயும் கட்டாயம் இருக்கட்டும். அழுத்திய காற்றில் ஈரம் பிரிந்து தொட்டிக்குள் தேங்கும்.

கேள்வி: பொருத்துவது என்று முடிவாகிவிட்டது. எங்கே வைப்பது, என்ன வயர் போடுவது?

பதில்: வயரிலிருந்து தொடங்குகிறேன், பலரும் மிச்சம் பிடிக்கிற இடம் அதுதான். 30 ஆம்பியர் இழுக்கிற கம்ப்ரஸரை பேட்டரியிலிருந்து 2 மீட்டர் தள்ளி வைக்கிறீர்கள் என்றால், போக வர 4 மீட்டர் செம்பு வயர். 2.5 சதுர மில்லிமீட்டர் வயரில் 0.8 வோல்ட்டுக்கு மேல் வீணாகும். 10 சதுர மில்லிமீட்டர் வயரில் 0.2 வோல்ட்டோடு போய்விடும். இரட்டை சிலிண்டர் கம்ப்ரஸர் 50 ஆம்பியரைத் தாண்டும் என்பதால் அதற்கு இன்னும் தடித்தது வேண்டும். ஃப்யூஸை பேட்டரியின் பாசிட்டிவ் முனைக்கு மிக அருகில் வையுங்கள். கம்ப்ரஸர் பக்கத்தில் வைத்த ஃப்யூஸ், நடுவில் வயர் உரசித் தீப்பிடித்தால் காப்பாற்றாது. சுவிட்ச் வழியாக முழு மின்னோட்டத்தையும் விடாமல் ரிலே (சிறு மின்னோட்டத்தால் பெரிய மின்னோட்டத்தைத் திறந்து மூடுகிற கருவி) போடச் சொல்லுங்கள்.

இடத்தைப் பொறுத்தவரை, எஞ்சின் அறைதான் வசதி. ஆனால் எக்ஸாஸ்ட், டர்போ இருக்கிற பக்கம் வேண்டாம். அங்கே கம்ப்ரஸர் ஏற்கெனவே சூடான காற்றை இழுத்து மேலும் சூடாகும். ஆற்றைக் கடக்கிற வழக்கம் இருந்தால் காற்று உள்ளிழுக்கும் ஃபில்டரை மட்டும் ஒரு குழாய் போட்டு உயரத்தில் வைத்துவிடலாம். கம்ப்ரஸரிலிருந்து வெளிவருகிற முதல் அரை மீட்டர் ஹோஸ், கம்பிவலை போர்த்தியதாக இருக்கட்டும். அந்தக் காற்று சாதாரண ரப்பர் ஹோஸை இளக்கிவிடும் அளவுக்குச் சுடும்.

கேள்வி: பழைய ஏசி கம்ப்ரஸரைப் பெல்ட்டில் மாட்டிக் காற்றுக்குப் பயன்படுத்தலாமா?

பதில்: செய்யலாம். காற்றும் ஏராளமாக வரும், எஞ்சின் ஓடுகிறவரை நிற்காது. ஆனால் இப்போதைய ஏசி கம்ப்ரஸர்களில் பெரும்பாலானவை குளிர்வாயுவோடு சுற்றி வருகிற எண்ணெயைத்தான் நம்பியிருக்கின்றன. வெறும் காற்றை இழுத்தால் எண்ணெய் வராமல் கடித்துப் பிடித்துவிடும். அதற்குத் தனியாக எண்ணெய் சொட்டுகிற அமைப்பும், வெளியே வருகிற காற்றிலிருந்து அந்த எண்ணெயைப் பிரிக்கிற அமைப்பும் வேண்டும். தனக்கென எண்ணெய்க் கிண்ணம் உள்ள பழைய பிஸ்டன் வகை கிடைத்தால் வேலை எளிது. தானே பட்டறை வேலை செய்து பழகியவர்களுக்கு மட்டும்தான் இதைச் சொல்வேன்.

கேள்வி: மலையில் 3,000 மீட்டர் உயரத்தில் என் கம்ப்ரஸர் மிகவும் மெதுவாக ஏற்றுகிறது. பழுதா?

பதில்: பழுது இல்லை. அந்த உயரத்தில் காற்றின் அழுத்தம் கடல் மட்டத்தில் இருப்பதில் ஏறக்குறைய 70 சதவீதம்தான். ஒவ்வொரு முறை பிஸ்டன் இழுக்கும்போதும் உள்ளே போகிற காற்றே குறைவு. கீழே ஏழு நிமிடம் ஆகிற வேலைக்கு அங்கே பத்து நிமிடம் ஒதுக்குங்கள், நடுவில் ஒருமுறை ஆறவிடுங்கள். காற்று ஏறிக்கொண்டிருக்கும்போது காட்டுகிற அளவு உண்மையைவிடக் கூடுதலாக இருக்கும். கம்ப்ரஸரை நிறுத்திவிட்டுத்தான் அளவு பார்க்க வேண்டும்.