12 பேரை வச்சு சின்ன கம்பெனி நடத்துறேன், வேலை செய்றவங்க பாதுகாப்புக்கு முதலாளியா நான் என்னெல்லாம் பண்ணணும்?

நான் கடலூர் ஓ.டி. (பழைய டவுன்) ஹார்பர் பக்கத்துல ஐஸ் கம்பெனி வச்சிருக்கேன், அப்பா காலத்துலேர்ந்து ஓடுது. 14 பேர் வேலை, அதுல 6 பேர் ஒடிசா பசங்க. மீன்பிடி போட்டுக்கு ஐஸ் ஏத்துறது ராத்திரி 2 மணிக்கு மேலதான் சூடு பிடிக்கும். சட்டத்தை மட்டும் சொல்லிட்டு போயிடலாம், ஆனா எனக்கு சட்டம்னா என்னன்னு புரிஞ்சதே எங்க கிட்ட வேலை பாத்த ஒரு அண்ணனுக்கு ரெண்டு விரல் போன பிறகுதான், அதனால அங்கேர்ந்தே சொல்றேன்.

ஐஸ் பாரை மேலேர்ந்து தள்ளுனா பல்லு வச்ச உருளை உடைச்சு கீழ தூளா கொட்டும், அதுதான் க்ரஷர். அதுக்கு ஒரு இரும்பு மூடி இருந்துது. மூடி இருந்தா வேலை மெதுவா நடக்குது, போட்டுக்காரங்க அவசரப்படுத்துறாங்கன்னு அதை கழட்டி செவுத்துல சாத்தி வச்சிருந்தாங்க. நான் தினமும் அதை தாண்டித்தான் உள்ள போவேன், ஒரு நாளும் ஏன்னு கேக்கல. முதலாளி கேக்கலன்னா அது சரின்னுதான் எல்லாரும் எடுத்துப்பாங்க. ஒரு நாள் விடிகாலைல பெரிய துண்டு ஒண்ணு மாட்டிக்கிச்சு, அந்த அண்ணன் சுவிட்சை நிறுத்திட்டுதான் கையை விட்டாரு, ஆனா சுவிட்சு செவுத்துக்கு அந்தாண்ட இருக்கு, அங்க நின்ன பையன் மிஷின் தானா நின்னு போச்சுன்னு நெனச்சு ஆன் பண்ணிட்டான். ரெண்டு பேருமே நல்லா வேலை தெரிஞ்சவங்க. "பாத்து வேலை செய்ங்கப்பா"ன்னு நான் ஆயிரம் தடவை சொல்லியிருக்கேன், அந்த வார்த்தையால ஒரு விரலைக்கூட காப்பாத்த முடியல.

இன்னொண்ணையும் சொல்லியே ஆகணும். விரலை எடுத்தவரு நேரா ஐஸுக்குள்ளயே புதைச்சு ஆஸ்பத்திரிக்கு கொண்டு வந்துட்டாரு. டாக்டர் பாத்துட்டு ஒட்ட முடியாதுன்னுட்டாரு, ஐஸ் நேரா பட்டா சதை உறைஞ்சு செத்துடுமாம். சுத்தமான துணியை நனைச்சு பிழிஞ்சு அதுல சுத்தி, தண்ணி போகாத பிளாஸ்டிக் கவர்ல போட்டு இறுக்கி கட்டி, அந்த கவரைத்தான் ஐஸ் தண்ணில வைக்கணும். தலைமுறையா ஐஸை நம்பி பொழைக்கிற குடும்பம் நாங்க, இது எங்க யாருக்கும் தெரியல. இப்ப முதலுதவி பெட்டிக்குள்ள அந்த துணியும் கவரும் தனியா எடுத்து வச்சிருக்கேன்.

அதுக்கப்புறம் மூடியை கழட்டவே முடியாத மாதிரி கீல் வச்சு வெல்டிங் பண்ணி, அது திறந்தா மோட்டார் தானா நிக்கிற மாதிரி ஒரு லிமிட் சுவிட்சும் போட்டேன். மெயின் சுவிட்சுக்கு பூட்டு. மாட்டுனதை எடுக்கணும்னா எடுக்கப் போறவரே சுவிட்சை நிறுத்தி பூட்டி சாவியை தன் பாக்கெட்ல போட்டுக்கணும், அப்பவும் கை கூடாது, கட்டையாலதான் தள்ளணும். தோள்ல துண்டு, லுங்கி எதுவும் க்ரஷர் கிட்ட கூடாது. கையுறை நல்லதுன்னு நெனப்பீங்க, பார் தூக்குறப்ப நல்லது, சுத்துற மிஷின் கிட்ட அதுவே கையை உள்ள இழுத்துடும். மொத்த செலவு ஒரு நாள் ஐஸ் வித்த காசுகூட ஆகல, இதை எழுதும்போதே நெஞ்சு அடைக்குது.

சட்டத்துக்கு வரேன். 1948 ஃபேக்டரி சட்டத்துல பவர் மிஷின் வச்சு 10 பேர் இருந்தாலே ஃபேக்டரின்னு இருந்துது. 2025 நவம்பர் 21லேர்ந்து புது தொழில் பாதுகாப்பு சட்டத்தொகுப்பு வந்ததுல அது 20 பேருன்னு ஆயிட்டுது. நீங்க 12 பேரு, அப்ப நமக்கு இல்லன்னு தயவுசெஞ்சு நெனக்காதீங்க, உருளைக்கு எண்ணிக்கை தெரியாது. தொழிலாளர் காப்பீடான இஎஸ்ஐ 10 பேருக்கே கட்டாயம், மாசம் 21,000 வரைக்கும் சம்பளம் வாங்குறவங்களுக்கு நம்ம பங்கு 3.25 சதவீதம், அவங்க பங்கு 0.75. அந்த அண்ணனுக்கு நான் கட்டியிருந்தேன், வீட்டுல இருந்த நாளுக்கெல்லாம் சம்பளத்துல 90 சதவீதம் வந்துது, அப்புறம் மெடிக்கல் போர்டு பாத்து நிரந்தர ஊனத்துக்குன்னு தனியா தொகையும் வருது. கட்டாம விட்டிருந்தா அந்த குடும்பத்துக்கு நான் என்ன பதில் சொல்லியிருப்பேன்னு இன்னிக்கும் நெனச்சுப் பாப்பேன். விபத்து நடந்தா இஎஸ்ஐக்கு விபத்து அறிக்கையான ஃபார்ம் 12 உடனே போடுங்க, பேர் கெட்டுடும்னு மறைக்காதீங்க. பூட்ஸ், கையுறை காசை சம்பளத்துல பிடிக்கவும் கூடாது.

எங்க பெரிய பயம் ஐஸ் உறைய வைக்கிற மிஷின்ல ஓடுற அம்மோனியா கேஸ். லேசா லீக் ஆனாலே மூக்கு சொல்லிடும், அது நல்லது, ஆனா பழகின மூக்கு அதை "தினம் வர்ற வாடைதானே"ன்னு விட்டுடும், அங்கதான் ஆபத்து. கண்ணுல பட்டா 15 நிமிஷமாவது விடாம தண்ணி ஊத்தி கழுவணும், அதுக்குன்னே கம்ப்ரஸர் ரூம் வாசல்ல எப்பவும் தண்ணி வர்ற ஒரு குழாய். ஓடணும்னா காத்துக்கு எதிராவோ குறுக்காலயோ ஓடணும். நம்ம ஊருல சாயந்திரம் கடல் காத்து கிழக்கேர்ந்து அடிக்கும், நடுராத்திரிக்கு மேல பெரும்பாலும் கரையிலேர்ந்து கடலுக்கு திரும்பிடும், அதனால ஒரே இடத்துல கூடுங்கன்னு சொல்லி வச்சா பாதி நேரம் கேஸ் போற பக்கமே ஓடுவாங்க. கூரை மேல கம்பத்துல காத்து எந்தப் பக்கம் போகுதுன்னு காட்டுற துணிக்குழாய் கட்டி, கூடுற இடம் ரெண்டு வச்சிருக்கோம். சாதா மாஸ்க்கை போட்டுக்கிட்டு வால்வை மூடுறேன்னு யாரும் உள்ள போகக்கூடாது, தீயணைப்புக்கு போன் பண்ணணும், அவ்ளோதான். பைப், சேஃப்டி வால்வு வேலையெல்லாம் ஏப்ரல் 15லேர்ந்து ஜூன் 14 வரைக்கும் மீன்பிடி தடைக்காலத்துல முடிச்சிடுவோம், எர்த்தும் வயரும் மட்டும் ஐப்பசி மழைக்கு முன்னாடி இன்னொரு தடவை பாக்கணும், உப்புக்காத்து எல்லாத்தையும் அரிச்சிடுது.

தமிழ்ல போர்டு மாட்டி வச்சா ஒடிசா பசங்களுக்கு என்ன புரியும்? மாசம் ஒரு தடவை மிஷின் கிட்டயே நிறுத்தி செஞ்சு காட்டி, அவங்களை செய்ய சொல்லி பாக்குறோம். இதை நடத்துறது அந்த அண்ணன்தான், க்ரஷர் சாவியும் அவர் கிட்டதான். போன மாசம் லோடு அவசரம்னு நானே சாவி கேட்டேன், மூடி சரியா உக்காரல, குடுக்க மாட்டேன் தம்பின்னுட்டாரு.

நீங்க என்ன மிஷின் வச்சிருக்கீங்கன்னு எழுதல. கட்டிங்கோ பிரஸ்ஸோ எதுவா இருந்தாலும், கடைசியா அதுல ஏதாவது சிக்குனப்ப யாரு எடுத்தா, எதால எடுத்தா, சுவிட்சு அப்ப யாரு கையில இருந்துதுன்னு நாளைக்கு போயி கேட்டுட்டு இங்கயே எழுதுங்க, தெரிஞ்ச வரைக்கும் சொல்றேன்.