ஓடுவதற்கு முன் வலி மாத்திரை போடலாமா?

கேள்வி: எனக்கு வயது 41. சென்னையில் ஐ.டி. வேலை. ரத்த அழுத்தத்துக்கு இரண்டு வருடமாக டெல்மிசார்டன் 40 மி.கி. சாப்பிடுகிறேன், அழுத்தம் கட்டுக்குள் இருக்கிறது. ஜனவரியில் முதல்முறையாக ஹாஃப் மாரத்தான் ஓடப் பதிவு செய்திருக்கிறேன். இன்னும் 13 வாரம் இருக்கிறது. வாரத்தில் மூன்று நாள் 5 கி.மீ., ஞாயிறு 8 கி.மீ. என்று ஓடிக்கொண்டிருந்தவன், போன ஞாயிறு 14 கி.மீ. ஓடிவிட்டேன். அன்றிலிருந்து இடது கணைக்காலின் உட்புறம் வலி. ஓடுவதற்கு அரை மணி நேரம் முன்பு ஒரு டைக்ளோஃபெனாக் போட்டுக்கொள், தண்ணீர் கொடுக்கும் இடத்திலெல்லாம் நிறையக் குடி என்று நண்பர்கள் சொல்கிறார்கள். செய்யலாமா?

பதில்: இரண்டுமே வேண்டாம். அதிலும் அந்த மாத்திரை உங்களுக்கு நிச்சயம் கூடாது.

நீண்ட நேரம் ஓடும்போது ரத்தம் தசைக்கும் தோலுக்கும் திரும்புகிறது. சிறுநீரகத்துக்குப் போவது குறைகிறது. அதைச் சமாளிக்க, சிறுநீரகம் புரோஸ்டாகிளாண்டின் என்ற பொருளைச் சுரந்து, வடிகட்டிக்குள் ரத்தம் வரும் நாளத்தை விரித்து வைத்துக்கொள்கிறது. டைக்ளோஃபெனாக், அசிக்ளோஃபெனாக், இபுப்ரோஃபென் எல்லாமே இந்தச் சுரப்பைத் தடுப்பவை. டெல்மிசார்டனோ ரத்தம் வெளியேறும் நாளத்தைத் தளர்த்துகிறது. வரும் வழி சுருங்கி, போகும் வழி தளர்ந்தால் வடிகட்டத் தேவையான அழுத்தமே இருக்காது. வியர்வையில் நீரும் வற்றிப்போனால் சிறுநீரகம் திடீரெனச் செயலிழக்கலாம். உங்கள் மாத்திரை அட்டையில் ஹைட்ரோகுளோரோதயசைடு அல்லது குளோர்தாலிடோன் என்றும் சேர்த்து அச்சிட்டிருந்தால் ஆபத்து இன்னும் கூடுதல். அவை சிறுநீரை அதிகம் பிரிப்பவை. அதற்காக பி.பி. மாத்திரையை நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். ஓட்டத்தன்று எப்போது சாப்பிடுவது என்பதை அதை எழுதிக் கொடுத்த மருத்துவரிடம் கேளுங்கள். கூடவே ரத்தத்தில் கிரியேட்டினின் (சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டுவது), பொட்டாசியம், ஈ.சி.ஜி. மூன்றையும் பார்த்துவிடுங்கள். ஓடும்போது நெஞ்சு இறுக்கமோ மயக்கமோ வந்திருந்தால், அல்லது அப்பா, அண்ணன், தம்பி யாருக்காவது 55 வயதுக்குள் மாரடைப்பு வந்திருந்தால், இதய மருத்துவரைப் பார்த்த பிறகுதான் அடுத்த ஓட்டம்.

வலிக்குக் காரணம், ஒரே நாளில் 8-இலிருந்து 14-க்குத் தாவியது. மூச்சும் தசையும் சில வாரங்களில் பழகிவிடும். எலும்புக்கு மாதக்கணக்கில் ஆகும். கணைக்கால் எலும்பின் உள் விளிம்பில் கட்டைவிரலால் மேலிருந்து கீழாக அழுத்திக்கொண்டே வாருங்கள். நாலு விரல் அகலத்துக்குப் பரவலாக வலித்தால் பெரும்பாலும் எலும்பை ஒட்டிய உறையின் உறுத்தல்தான். ஒரே புள்ளியில் சுரீரென்று வலித்தால், இரவில் படுத்திருக்கும்போதும் வலித்தால், எலும்பில் மயிரிழை விரிசல் இருக்கலாம். ஓடுவதை அன்றே நிறுத்திவிட்டு எலும்பு மருத்துவரிடம் போங்கள். முதல் இரண்டு மூன்று வாரம் எக்ஸ்ரேயில் இது தெரியாமல் போவது சகஜம். சந்தேகம் இருந்தால் எம்.ஆர்.ஐ. தேவைப்படும். டைக்ளோஃபெனாக் போட்டு ஓடினால் இந்த எச்சரிக்கை வலியும் மறைந்து, விரிசல் முழு முறிவாகிவிடலாம்.

பரவலான வலிதான் என்றால் இரண்டு வாரம் ஓடாமல் சைக்கிள் அல்லது நீச்சல். படியின் விளிம்பில் நின்று குதிகாலை மெல்ல ஏற்றி இறக்கும் பயிற்சி, 15 தடவை வீதம் மூன்று சுற்று, ஒருநாள் விட்டு ஒருநாள். வேகமாக நடந்தால் வலியில்லை என்ற நிலை வந்ததும் ஞாயிறு ஓட்டத்தை 8, 9, 10, 11, 9, 12, 13.5, 15, 16.5, 10 கி.மீ. என்று கொண்டு போங்கள். 11-க்குப் பிறகு வரும் 9 எலும்புக்கான ஓய்வு. அதைத் தவிர்த்துவிடாதீர்கள். பயிற்சியில் 21-ஐத் தொட வேண்டிய அவசியம் இல்லை. முழு வாக்கியமாகப் பேச முடிகிற வேகம் போதும். எட்டு வைப்பதைச் சற்றுக் குறுக்கி, நிமிடத்துக்கு எடுக்கும் அடிகளைக் கொஞ்சம் கூட்டினால் கணைக்காலில் விழும் அடி குறையும். 700 கி.மீ. தாண்டிய ஷூவை மாற்றிவிடுங்கள். வலி முழுதாகப் போகாவிட்டால் இந்த ஜனவரியை விட்டுவிடுவதுதான் நல்லது.

இனி தண்ணீர். இரண்டரை மூன்று மணி நேரம் ஓடுபவர்கள் ஒவ்வொரு நிறுத்தத்திலும் வயிறு முட்டக் குடித்தால் ரத்தத்தில் சோடியம் இயல்பின் கீழ் எல்லையான 135-க்குக் கீழே இறங்கலாம். தலைவலி, வாந்தி, குழப்பம், முற்றினால் வலிப்பு. வலி மாத்திரை இதையும் மோசமாக்கும், நீர் வெளியேறுவதைத் தடுப்பதால். தாகம் எடுத்தால் குடிப்பதே சரியான அளவு. உங்கள் கணக்கைத் தெரிந்துகொள்ள, ஞாயிறு ஓட்டத்துக்கு முன்னும் பின்னும் வியர்வையைத் துடைத்துவிட்டு எடை பாருங்கள். ஒரு கிலோ குறைந்தால் ஏறக்குறைய ஒரு லிட்டர் போயிருக்கிறது. சற்றுக் குறைவது இயல்பு. எடை கூடியிருந்தால் அதிகம் குடித்திருக்கிறீர்கள். பாதித் தூரத்துக்குப் பிறகு வெறும் தண்ணீருக்குப் பதில் ஓ.ஆர்.எஸ். கலந்து வைத்துக்கொள்ளலாம்: ஒரு லிட்டர் பாக்கெட்டை ஒரு லிட்டரிலேயே கரைக்க வேண்டும், அரை லிட்டரில் அல்ல. ஓடாத நாளில் ஓ.ஆர்.எஸ். வேண்டாம், அந்த உப்பு உங்கள் பி.பி.க்கு ஆகாது. ஓடி முடித்ததும் மூன்று நான்கு இளநீரை அடுத்தடுத்துக் குடிப்பதும் வேண்டாம். டெல்மிசார்டன் பொட்டாசியத்தை உடலில் தேக்கும். இளநீரில் பொட்டாசியம் நிறைய. ஒன்று போதும்.

சென்னைப் புழுக்கத்தில் வியர்வை காயாது, உடல் சூடு இறங்காது. தலை சுற்றல், புல்லரிப்பு, கால் தடுமாற்றம் வந்தால் நின்றுவிடுங்கள். யாராவது உளறினாலோ தடுமாறி விழுந்தாலோ ஆம்புலன்ஸுக்குச் சொல்லிவிட்டு, அது வரும்வரை காத்திராமல் அங்கேயே ஐஸ் தண்ணீரால் நனைத்துக் குளிர்விக்க வேண்டும்.

முடித்த பிறகு உடம்பு வலித்தால், நன்றாகச் சிறுநீர் போன பின் பாராசிட்டமால் 650 ஒன்று போடலாம். சிறுநீர் கறுப்புக் காபி நிறத்தில் போனாலோ, ஆறேழு மணி நேரமாகியும் போகாவிட்டாலோ அன்றே மருத்துவமனைக்குப் போய், டெல்மிசார்டன் சாப்பிடுவதை முதலில் சொல்லுங்கள்.