சின்ன நிலத்தில் சொந்தச் சாப்பாடு: உங்கள் கேள்விகளுக்குப் பதில்

கே: 400 சதுர அடி இருக்கிறது. கடைக்கே போகாமல் இரண்டு பேர் சாப்பிட முடியுமா?

முடியாது. கணக்குப் போட்டுப் பாருங்கள். 400 சதுர அடி என்றால் சுமார் 37 சதுர மீட்டர். அதில் முழுக்கச் சர்க்கரைவள்ளி வைத்து, சதுர மீட்டருக்கு ஒன்றரைக் கிலோ எடுத்தாலும் மொத்தம் 55 கிலோதான் வரும். 100 கிராமுக்கு 86 கலோரி. ஆளுக்கு நாளொன்றுக்கு 2000 கலோரி வைத்தால், இரண்டு பேருக்குப் பன்னிரண்டு நாள் சாப்பாடு. வயிற்றை நிரப்பும் தானியத்துக்கும் கிழங்குக்கும் நிறைய இடம் வேண்டும். கீரைக்கும் தக்காளிக்கும் மிளகாய்க்கும் அந்த 400 அடி தாராளம். முளைக்கீரை ஒரு மாதத்திலேயே அறுவடைக்கு வந்துவிடும்.

கே: களிமண். என்ன உரம் வாங்கலாம்?

வாங்குவதற்கு முன்னால் மண்ணை மூடுங்கள். காய்ந்த இலையோ வைக்கோலோ மூன்று நான்கு அங்குலம் போட்டு, தண்டை ஒட்டி மட்டும் இடம் விடுங்கள். வெறும் மண்ணை வெயிலில் காயவிடாதீர்கள்.

கே: காராமணி போட்டால் எருவே வேண்டாமாமே?

பூக்கும் நேரத்தில் ஒரு செடியை மெதுவாகத் தோண்டி எடுத்து, வேரைத் தண்ணீரில் அலசுங்கள். மிளகு அளவில் முண்டுகள் தெரியும். ஒன்றை நகத்தால் கிள்ளுங்கள். உள்ளே இளஞ்சிவப்பாக இருந்தால், ரைசோபியம் என்ற பாக்டீரியா காற்றிலுள்ள தழைச்சத்தை, அதாவது நைட்ரஜனை, பிடித்துக் கொடுக்கிறது என்று அர்த்தம். முதல் முறை அந்த நிறத்தைப் பார்த்தபோது வெகுநேரம் அங்கேயே உட்கார்ந்திருந்தேன். ஆனால் அந்தச் சத்தில் பெரும்பகுதி காய்க்கே போய்விடும். அடுத்த பயிருக்கு எரு போடத்தான் வேண்டும். செடியைப் பிடுங்காமல் தரையோடு அறுங்கள், வேர் மண்ணிலேயே மட்கட்டும். அறுத்த இடத்தை மூடிவிடுங்கள்.

கே: 600 சதுர அடி, நான்கு பேர். போதுமா?

முதல் பதிலில் கணக்கு இருக்கிறது. எண்ணை மாற்றிப் போடுங்கள்.

கே: ஹைபிரிட் செடியில் எடுத்த விதை முளைக்காதுதானே?

முளைக்கும். தாய்ச்செடி மாதிரி வராது, அவ்வளவுதான். விதை சேர்க்க வேண்டுமென்றால் நாட்டு ரகத் தக்காளியிலும் அவரையிலும் தொடங்குங்கள். பெரும்பாலும் தன் மகரந்தத்திலேயே காய்ப்பவை, அதனால் ரகம் எளிதில் கலக்காது.

கே: நான் மூன்று வருடமாகச் சுரையில் விதை எடுக்கிறேன். ஒன்றும் கலக்கவில்லையே?

பக்கத்தில் வேறு சுரை இல்லை போலிருக்கிறது, அதனால் தப்பித்தீர்கள். சுரையில் ஆண்பூ தனி, பெண்பூ தனி. சாயங்காலம் விரியும் பூவுக்கு அந்துப்பூச்சி எந்தத் தோட்டத்து மகரந்தத்தையும் கொண்டுவரும். விரியப் போகும் இரண்டு வகை மொட்டையும் பகலிலேயே நூலால் கட்டிவையுங்கள். இருட்டும் நேரத்தில் அவிழ்த்து, ஆண்பூவைப் பெண்பூவில் தடவி, பெண்பூவை மறுபடி கட்டிவிடுங்கள். அந்தக் காயிலிருந்து மட்டும் விதை எடுங்கள்.

இன்னொன்று. கசப்புச் சுரையோடு கலந்தால் அடுத்த தலைமுறையில் கசப்பு வரும். சமைப்பதற்கு முன் ஒரு துண்டை நாக்கில் வைத்துப் பாருங்கள். கசந்தால் துப்பிவிட்டு முழுக் காயையும் எறியுங்கள்.

கே: உப்புப் போட்டு ஊறவைத்தால் கசப்பு போய்விடுமே? நாங்கள் அப்படித்தான் செய்கிறோம்.

தயவுசெய்து செய்யாதீர்கள். பாகற்காயின் கசப்பு வேறு, இது வேறு. இது குக்குர்பிட்டாசின் என்ற நஞ்சு. வேகவைத்தாலும் போகாது. கடுமையான வாந்தியும் வயிற்றுப்போக்கும் வரும். ஒரு காய் போனால் போகட்டும்.

கே: தேனீப்பெட்டி வைக்கலாமா?

எனக்குத் தெரியாத வேலை. தேனீ வளர்ப்பவரிடம் கேளுங்கள்.

கே: 1000 சதுர அடி இருந்தால்...?

முதல் பதில். அப்புறம், அந்த ஆயிரம் அடியும் இப்போது வெறும் மண்ணாகக் கிடந்தால் முதலில் மூடுங்கள்.

கே: எடுத்த விதையை எப்படி வைப்பது?

நிழலில் காயவையுங்கள். அவரை விதையைக் கடித்தால் பல் பதியக் கூடாது. கண்ணாடிப் பாட்டிலில் போட்டு இறுக மூடி, ரகத்தையும் தேதியையும் சீட்டில் எழுதி உள்ளேயே போடுங்கள். வெளியே ஒட்டிய சீட்டு உதிர்ந்துபோய், எது எந்த அவரை என்று தெரியாமல் ஒரு வருடம் முழுக்க நான் தவித்திருக்கிறேன்.