32 ஆம்பியர் போட்டால் எம்.சி.பி. விழாது, ஆபத்தே அதுதான்

கேள்வி: படுக்கையறை ஏசி ஓடத் தொடங்கி ஒரு மணி நேரத்துக்குள் எம்.சி.பி. (மின்னோட்டம் அளவு மீறினால் தானே அணையும் சுவிட்ச்) விழுந்துவிடுகிறது. அதே லைனில்தான் வாட்டர் ஹீட்டரும் அயர்ன் பாக்ஸும் ஓடுகின்றன. ஏசி பிளக்கைத் தொட்டால் சுடுகிறது. சாக்கெட் துளையைச் சுற்றிப் பழுப்பேறியிருக்கிறது. “16 ஆம்பியரை எடுத்துவிட்டு 32 போட்டால் விழாது. ஆர்.சி.சி.பி. (மின்கசிவு தடுப்பான்) இருப்பதால் தீயும் பிடிக்காது” என்கிறார் எலக்ட்ரீஷியன். போடலாமா?

பதில்: கூடாது. முதலில் எழுந்து போய் அந்த லைனின் எம்.சி.பி.யை இறக்கிவிட்டு வந்து மிச்சத்தைப் படியுங்கள்.

எம்.சி.பி. உங்கள் ஏசியைக் காப்பதற்காக வைத்ததில்லை. சுவருக்குள் ஓடும் வயரைக் காப்பதுதான் அதன் வேலை. ஏசிக்கு 8, ஹீட்டருக்கு 9, அயர்ன் பாக்ஸுக்கு 4 என்று வைத்துக்கொண்டால் மொத்தம் 21 ஆம்பியர். 16 ஆம்பியர் எம்.சி.பி. கொஞ்ச நேரம் பொறுத்து, சூடேறி, விழுகிறது. ஒழுங்காக வேலை செய்யும் காவலாளியைத்தான் உங்கள் எலக்ட்ரீஷியன் வீட்டுக்கு அனுப்பப் பார்க்கிறார்.

32 போட்டால் என்ன ஆகும்? எழுதியிருக்கும் எண்ணைத் தாண்டியதுமே எம்.சி.பி. விழுந்துவிடாது. 1.13 மடங்கு வரை ஒரு மணி நேரம் விழாமல் நிற்க வேண்டும், 1.45 மடங்கில் ஒரு மணி நேரத்துக்குள் விழ வேண்டும் என்றுதான் அதைத் தயாரிக்கிறார்கள். ஆக, 36 ஆம்பியர் போனாலும் அது அசையாது. குழாய்க்குள் கிடக்கும் 2.5 சதுர மில்லிமீட்டர் செம்பு வயரோ சுமார் 20 ஆம்பியர் வரைதான் நிம்மதியாகத் தாங்கும். மின்னோட்டம் இரண்டு மடங்கானால் வெப்பம் நான்கு மடங்கு. சாதாரண பிவிசி உறை 70 டிகிரி செல்சியஸுக்கு மேல் தொடர்ந்து தாங்காது. வறண்டு, வெடித்து, உதிரும். அதுவும் சுவருக்குள், நீங்கள் பார்க்க முடியாத இடத்தில்.

அது 2.5 வயர் என்றும் நான் நம்பிக்கையில்தான் சொல்கிறேன். 2.5-க்குப் பணம் வாங்கிக்கொண்டு 1.5 இழுத்துவிடும் ஒப்பந்தக்காரர்களை நிறையப் பார்த்தாயிற்று. வயரின் உறையிலேயே அளவு அச்சடித்திருக்கும். போர்டைத் திறக்கும்போது பக்கத்தில் நின்று, படித்துக் காட்டச் சொல்லுங்கள். முகம் சுளிக்கிறாரா, வேறு ஆளைப் பாருங்கள். எண்ணை ஏற்றுவது அவருக்கு ஐந்து நிமிட வேலை, கையில் காசு. கோளாறைத் தேடுவது அரை நாள்.

சுடும் பிளக் வேறு நோய். சாக்கெட்டுக்குள் ஸ்க்ரூ தளர்ந்திருக்கும், அல்லது பின்னைப் பிடிக்கும் பித்தளை இதழ் பிடிமானம் இழந்திருக்கும். அந்த இடத்தில் அரை ஓம் தடை சேர்ந்தால் போதும், 8 ஆம்பியரில் 32 வாட் வெப்பம் பிறக்கும். 25 வாட் சால்டரிங் அயர்ன் ஈயத்தை உருக்கிவிடுகிறது என்பதை நினைத்துப் பாருங்கள். ஆனால் லைனில் ஓடுவது அதே 8 ஆம்பியர்தான். அதனால் 16 போட்டாலும் 32 போட்டாலும் எம்.சி.பி.க்கு இது தெரியவே தெரியாது.

ஆர்.சி.சி.பி.க்கும் தெரியாது. போகும் மின்னோட்டமும் திரும்பும் மின்னோட்டமும் சமமா என்று மட்டுமே அது பார்க்கிறது. வித்தியாசம் இருந்தால்தான் விழும். மனிதர்களைக் காக்கும் வகைக்கு அது 30 மில்லி ஆம்பியர். தளர்ந்த ஸ்க்ரூவில் கசிவு கிடையாது, சூடு மட்டும்தான். எரிந்த வீடு எதுவானாலும் “மின்கசிவே காரணம்” என்று ஒற்றை வரி எழுதிக் கோப்பை மூடிவிடுகிறார்கள். எந்த ஸ்க்ரூ, எந்த ஜாயின்ட் என்று யாரும் தோண்டுவதில்லை. அந்த ஒரு சொல்லைக் கேட்டுக் கேட்டுத்தான், கசிவைத் தடுத்தால் தீயையும் தடுத்தோம் என்று ஜனங்கள் நம்பிக்கொண்டிருக்கிறார்கள்.

எம்.சி.பி.யை மாற்றக் கூடாது என்பதற்கு ஒரு விதிவிலக்கு உண்டு. அதைத்தான் எல்லாரும் தப்பாகப் புரிந்துகொள்கிறார்கள். ஏசி போட்ட அந்த நொடியிலேயே விழுந்தால், எண்ணுக்கு முன்னால் இருக்கும் எழுத்தைப் பாருங்கள். ‘பி’ வகை 3 முதல் 5 மடங்கில் உடனே விழும். 16 ஆம்பியருக்கு அது 48 முதல் 80. ‘சி’ வகை 5 முதல் 10 மடங்கில், அதாவது 80 முதல் 160-இல். சில கம்ப்ரஸர்கள் கிளம்பும்போது கண நேரம் பல மடங்கு இழுக்கும். அப்போது பி16-ஐ சி16 ஆக்கலாம். எழுத்துதான் மாறுகிறது, எண் மாறவில்லை. அதற்கும் முன்னால் எர்த்தைக் கருவி வைத்து அளந்தாக வேண்டும். இது உங்களுக்குப் பொருந்தாது. உங்களுடையது கொஞ்ச நேரம் ஓடிய பிறகுதான் விழுகிறது. “சி போடுகிறேன்” என்று சொல்லி சி32-ஐ மாட்டிவிடப் போகிறார், கவனம்.

செய்ய வேண்டியது இதுதான். சாக்கெட், பிளக் இரண்டையும் சேர்த்து மாற்றுங்கள். கருகிய பிளக் புது சாக்கெட்டையும் கெடுக்கும். கறுத்த வயர் முனையைப் பளபளக்கும் செம்பு தெரியும்வரை வெட்டச் சொல்லுங்கள். டேப் சுற்றி மூட விடாதீர்கள். மெயின் போர்டிலிருந்து ஏசிக்குத் தனி லைன் இழுத்து, அதற்கென்று தனி எம்.சி.பி. வையுங்கள். அதுவரை எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் ஏசியைச் செருகி ஓட்டாதீர்கள்.

வேலை முடிந்ததும் ஏசியை ஒரு மணி நேரம் ஓடவிட்டு, பிளக்கின் மேல்மூடியைப் புறங்கையால் தொட்டுப் பாருங்கள். வெதுவெதுப்பு என்றால் சரி. கை வைக்க முடியவில்லை என்றால் அணைத்துவிட்டு, மறுபடி திறக்கச் சொல்லுங்கள். கூலியை அதற்குப் பிறகு கொடுக்கலாம்.