டபுள் மார்க்கர் முதல் அம்னியோ வரை: பெங்களூரு அம்மாக்களின் கேள்விகளுக்குப் பதில்

பெங்களூரில் ஒரு மருத்துவமனையில் மரபணு ஆலோசகராக இருக்கிறேன். கர்ப்பிணிகளோடு உட்கார்ந்து, அவர்கள் கையிலிருக்கும் ரிப்போர்ட்டை வரி வரியாக விளக்கிச் சொல்வதுதான் என் வேலை. நம் குழுவில் கேட்டவற்றில் ஒரே மாதிரியானவற்றைச் சேர்த்துவிட்டேன்.

கேள்வி (அல்சூர்): அக்கா, எனக்கு 31 வயது. 12ஆவது வாரத்தில் எடுத்த டபுள் மார்க்கர் ரத்தப் பரிசோதனையில் டவுன் சிண்ட்ரோமுக்கு 1:180, ஹை ரிஸ்க் என்று சிவப்பில் வந்திருக்கிறது. வீட்டில் யாரும் சரியாகச் சாப்பிடக்கூட இல்லை. குழந்தைக்கு வந்துவிட்டது என்றுதானே அர்த்தம்?

பதில்: இல்லைம்மா. முதலில் எல்லோரும் சாப்பிடுங்கள். இதே எண் வந்த 180 பேரை எடுத்துக்கொண்டால், ஒருவருடைய குழந்தைக்கு டவுன் சிண்ட்ரோம் (21ஆவது குரோமோசோம் ஒன்று கூடுதலாக இருக்கும் நிலை) இருக்கும்; 179 பேருடைய குழந்தைக்கு இருக்காது. நூற்றுக்கு ஒன்று என்றுகூடச் சொல்ல முடியாது. 1:250 என்று லேப் ஒரு எல்லை வைத்திருக்கிறது. வாய்ப்பு அதைவிட அதிகமானால் எழுத்து சிவப்பாகிவிடும்.

அடுத்து, ரிப்போர்ட்டின் மேல்பகுதியை நிதானமாகப் பாருங்கள். உங்கள் எடை, ஸ்கேன் எடுத்த தேதி, குழந்தையின் நீளம், சர்க்கரை உண்டா, ஐ.வி.எஃப். கர்ப்பமா என்றெல்லாம் இருக்கும். இவை அத்தனையும் கணக்கில் சேரும். 74 கிலோ என்பதை 47 என்று யாராவது தட்டியிருந்தால் விடையே மாறிவிடும். தப்பு இருந்தால் லேபுக்கு போன் செய்து திருத்திய ரிப்போர்ட் கேளுங்கள், தயங்கவே வேண்டாம்.

அதே தாளில் என்.டி. அளவு இருக்கும். குழந்தையின் கழுத்துக்குப் பின்னால் தோலுக்கடியில் சேரும் நீரின் தடிமன் அது. லண்டன் கிங்ஸ் காலேஜ் மருத்துவமனையில் கைப்ரோஸ் நிக்கோலைடிஸ் குழுவினர் 1992இல் இதற்கும் குரோமோசோம் கோளாறுகளுக்கும் உள்ள தொடர்பை எழுதினார்கள். குழந்தை 45 முதல் 84 மி.மீ. நீளம் இருக்கும்போது அளந்தால்தான் செல்லும். ரத்தம், ஸ்கேன், வயது மூன்றையும் சேர்த்துக் கணக்குப் போட்டால், டவுன் சிண்ட்ரோம் உள்ள குழந்தைகளில் நூற்றுக்குத் தொண்ணூறு வரை பிடிபடும். அதற்கு விலையாக, எந்தக் கோளாறும் இல்லாத நூறு கர்ப்பங்களில் ஐந்துக்கும் 'ஹை ரிஸ்க்' என்று வரும். நீங்கள் அந்த ஐந்தில் ஒருவராக இருக்கவே வாய்ப்பு அதிகம். என்.டி. 3.5 மி.மீ.க்குக் கீழே இருந்தால் அடுத்த படியாக என்.ஐ.பி.டி. (தாயின் ரத்தத்தில் மிதக்கும் டி.என்.ஏ.வைப் பார்க்கும் சோதனை) எடுக்கலாம். அதற்கு மேல் என்றால் நேராக அம்னியோ (வயிற்றில் ஊசி போட்டுப் பனிக்குட நீரை எடுத்துப் பார்ப்பது) போன்ற ஊசிப் பரிசோதனையைப் பற்றி டாக்டரிடம் பேசுங்கள்.

கேள்வி (ஒயிட்ஃபீல்டு): எனக்கு 27 வயது. என்.ஐ.பி.டி. 99 சதவீதம் சரி என்றார்கள். அதிலேயே டவுன் சிண்ட்ரோமுக்கு ஹை ரிஸ்க் வந்துவிட்டது. இதற்கு மேலும் அம்னியோ எதற்கு? முடிவெடுத்துவிடலாமா?

பதில்: தயவுசெய்து இதை வைத்து எந்த முடிவும் எடுக்காதீர்கள். இந்த வரியை நான் எத்தனை முறை எழுதினாலும் போதாது.

1997இல் டென்னிஸ் லோவும் அவருடைய சகாக்களும் ஆக்ஸ்ஃபோர்டில் ஒன்றைக் கண்டுபிடித்தார்கள். ஆண் குழந்தையைச் சுமக்கும் தாயின் ரத்தத்தில் ஒய் குரோமோசோமின் டி.என்.ஏ. துணுக்குகள் மிதந்தன. அதிலிருந்து வளர்ந்ததுதான் என்.ஐ.பி.டி. ஆனால் அந்தத் துணுக்குகள் பெரும்பாலும் நஞ்சிலிருந்து (நஞ்சுக்கொடி) வருபவை, குழந்தையின் உடம்பிலிருந்து அல்ல. சில கர்ப்பங்களில் நஞ்சில் மட்டும் கோளாறு இருக்கும், குழந்தை நன்றாக இருக்கும்.

99 என்பது, டவுன் சிண்ட்ரோம் உள்ள நூறு குழந்தைகளில் எத்தனையைக் கண்டுபிடிக்கும் என்ற கணக்கு. 'ஹை ரிஸ்க்' வந்த நூறு பேரில் எத்தனை பேருக்கு உண்மையில் இருக்கிறது என்பது வேறு கணக்கு, அது வயதைப் பொறுத்து மாறும். 40 வயதில் தொண்ணூறுக்கு மேல் உண்மையாக இருக்கும். இருபதுகளின் நடுவில் ஏறக்குறைய பாதிக்குப் பாதிதான். டிரைசோமி 13 (13ஆவது குரோமோசோம் ஒன்று கூடுதல்) என்று வந்தால் இன்னும் குறைவு.

சோதனை மோசம் என்று சொல்லவில்லை. 2015இல் வெளியான ஓர் ஆய்வில் 15,841 பெண்களுக்கு என்.ஐ.பி.டி.யிலும், டபுள் மார்க்கரும் என்.டி.யும் சேர்ந்த பழைய முறையிலும் பார்த்தார்கள். டவுன் சிண்ட்ரோம் இருந்த 38 குழந்தைகளையும் என்.ஐ.பி.டி. பிடித்தது, பழைய முறை 30ஐப் பிடித்தது. பொய்யாகப் பயமுறுத்தியது பழைய முறையில் 854 பேரை, என்.ஐ.பி.டி.யில் 9 பேரை. அருமையான சல்லடைதான். ஆனால் உறுதிசெய்வது அம்னியோ மட்டுமே, அல்லது 11 முதல் 14 வாரத்துக்குள் நஞ்சிலிருந்து துளி எடுக்கும் சி.வி.எஸ். உங்களுக்குச் சந்தேகமே நஞ்சைப் பற்றியது என்பதால், ஸ்கேனில் குறை எதுவும் தெரியாதவரை 15 வாரம் முடிந்து அம்னியோ செய்வது நல்லது என்பது என் கருத்து.

கேள்வி (கே.ஆர்.புரம்): ஊசி போட்டால் கரு கலைந்துவிடும் என்று அம்மா ஒற்றைக்காலில் நிற்கிறார். எவ்வளவு ஆபத்து?

பதில்: அம்மாவின் பயத்துக்கும் ஆதாரம் இல்லாமலில்லை. 1986இல் டென்மார்க்கில் 4,606 பெண்களை வைத்துச் செய்த ஆய்வில் அம்னியோவால் கூடுதலாக நூற்றுக்கு ஒன்று கலைந்தது. அந்த எண்தான் இன்றுவரை வாய்வழியாக ஓடுகிறது. பிந்தைய ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்ததில் ஆயிரத்துக்கு மூன்று அல்லது அதற்கும் குறைவு என்றே வருகிறது. ஸ்கேன் திரையில் ஊசி முனையைப் பார்த்துக்கொண்டே பனிக்குட நீரை எடுப்பார்கள், சில நிமிட வேலை. அடிக்கடி செய்கிற ஃபீட்டல் மெடிசின் (கருவிலிருக்கும் குழந்தைக்கான மருத்துவம்) டாக்டரிடம் போங்கள். உங்கள் ரத்தம் நெகடிவ் குரூப் என்றால் குழந்தையின் ரத்தத்துக்கு எதிராக உங்கள் உடம்பு எதிர்ப்பை உருவாக்காமல் தடுக்கும் ஆன்டி-டி ஊசி பற்றி அன்றே கேளுங்கள்.

டவுன் போன்ற முக்கியமானவற்றுக்கு இரண்டு மூன்று நாளில் முதல் ரிசல்ட் வரும். முழு குரோமோசோம் ரிப்போர்ட்டுக்கு இரண்டு மூன்று வாரம். 2021 சட்டத் திருத்தப்படி, கருவில் கடுமையான குறை இருந்தால் 24 வாரம் வரை இரண்டு டாக்டர்களின் கருத்தோடு கருக்கலைப்புக்கு இடம் உண்டு. அதற்கு மேல் மெடிக்கல் போர்டு. அதனால் நாளைத் தள்ளிப்போடாதீர்கள்.

கேள்வி (மாரத்தஹள்ளி): என்.ஐ.பி.டி.யில் ஆணா பெண்ணா என்று தெரியுமாமே?

பதில்: நம் நாட்டில் சொல்லக் கூடாது. 1994 சட்டப்படி குற்றம். கேட்கவும் வேண்டாம்.

கேள்வி (ஸ்ரீராம்புரம்): நான் தாய்மாமனைக் கட்டியிருக்கிறேன். முதல் குழந்தை பிறந்து ஏழு மாதத்தில் தவறிவிட்டது, காரணம் தெரியவில்லை. இப்போது ஒன்பது வாரம். டபுள் மார்க்கர் நார்மல் என்றால் நிம்மதியாக இருக்கலாமா?

பதில்: கஷ்டமாக இருக்கிறதும்மா. உங்களிடம் மறைக்காமல் சொல்கிறேன்: டபுள் மார்க்கரும் என்.ஐ.பி.டி.யும் உங்கள் கேள்விக்குப் பதில் சொல்லாது. அவை பார்ப்பது குரோமோசோமின் எண்ணிக்கையை. சொந்தத்தில் கல்யாணம் செய்தவர்களுக்கு வரும் சிக்கல் பெரும்பாலும் வேறு வகை. ஒரு மரபணுவில் ஒரே பிழையை இருவரும் வைத்திருப்போம், இருவருக்கும் ஒன்றும் தெரியாது. தாய்மாமனுக்கும் மருமகளுக்கும் நான்கில் ஒரு பங்கு மரபணுக்கள் பொது. அத்தை மகன், மாமன் மகள் என்றால் எட்டில் ஒரு பங்கு. இருவரிடமும் அதே பிழை இருந்தால் ஒவ்வொரு கர்ப்பத்திலும் நான்கில் ஒரு வாய்ப்பு.

வீட்டில் முதல் குழந்தையின் டிஸ்சார்ஜ் சம்மரியைத் தேடி எடுங்கள். அப்போது ரத்தமோ தசைத் துண்டோ எந்த லேபிலாவது சேமித்திருந்தால் அது தங்கம். அந்தக் குழந்தையின் டி.என்.ஏ.வில் பிழை தெரிந்தால், இந்தக் குழந்தைக்கு அந்த ஒன்றை மட்டும் சி.வி.எஸ்.ஸில் தேடலாம். எதுவும் இல்லையென்றால் உங்கள் இருவருக்கும் எக்சோம் சோதனை (புரதம் செய்யச் சொல்லும் மரபணுப் பகுதிகளை மொத்தமாகப் படிப்பது) செய்து, இருவருக்கும் பொதுவான பிழை இருக்கிறதா என்று பார்க்கலாம். ரிப்போர்ட் வரச் சில வாரம் ஆகும். ஆகவே இந்த வாரமே எலக்ட்ரானிக் சிட்டியில் உள்ள சென்டர் ஃபார் ஹியூமன் ஜெனடிக்ஸ் போன்ற இடத்தில் அப்பாயின்ட்மென்ட் கேளுங்கள். யாராவது "உன் ராசி" என்று பேசினால் காதில் போட்டுக்கொள்ளாதீர்கள். உங்கள் மேல் எந்தத் தப்பும் இல்லை.

கேள்வி (பெல்லந்தூர்): அனாமலி ஸ்கேனில் (குழந்தையின் உறுப்புகளைப் பார்க்கும் ஸ்கேன்) இதயத்தில் வெள்ளைப் புள்ளி என்று எழுதியிருக்கிறார்கள்.

பதில்: வேறு குறை எதுவும் இல்லாமல், என்.ஐ.பி.டி.யும் லோ ரிஸ்க் என்றால் விட்டுவிடலாம். இதய நோய் இல்லை அது.

கேள்வி (ஓசூர், வேலை பெங்களூரில்): அம்னியோவில் டவுன் சிண்ட்ரோம் உறுதியாகிவிட்டது. நானும் கணவரும் பெற்றுக்கொள்வது என்று முடிவு செய்துவிட்டோம். 'இதற்குத்தானா டெஸ்ட் எடுத்தீர்கள்?' என்று கேட்கிறார்கள்.

பதில்: ஆமாம், இதற்கும்தான். தெரிந்துகொண்டு தயாராவதும் இந்தச் சோதனைகளின் முழுப் பயன். டவுன் சிண்ட்ரோம் உள்ள குழந்தைகளில் பாதிப் பேருக்கு இதயத்தில் குறை இருக்கும். அதில் பலவற்றை ஆபரேஷனில் சரிசெய்யலாம். 22 வாரம் வாக்கில் ஃபீட்டல் எக்கோ (கருவிலிருக்கும் குழந்தையின் இதய ஸ்கேன்) எடுங்கள். குறை தெரிந்தால் குழந்தை இதய நிபுணரும் என்.ஐ.சி.யூ.வும் இருக்கும் இடத்தில் பிரசவம், இல்லையென்றால் ஓசூரிலேயே வைத்துக்கொள்வது பற்றி டாக்டரோடு பேசலாம். எந்த இடமானாலும் பிறந்ததும் தைராய்டு, பார்வை, காது பார்க்கச் சொல்லுங்கள். பிசியோதெரபியும் பேச்சுப் பயிற்சியும் எவ்வளவு சீக்கிரம் தொடங்குகிறீர்களோ அவ்வளவு நல்லது. எக்கோ ரிப்போர்ட் வந்ததும் எனக்கு எழுதுங்கள், சேர்ந்தே படிப்போம்.